பூசைக்கு ஆகாத அடுப்பு

கண்டக்டர் ஆறுமுகசாமி சொல்வதெல்லாம் பொய் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அவர் சொன்னதில் ஒன்று உண்மை. அந்த ஒன்றைத்தான் யாரும் நம்பவில்லை.

மற்றதையெல்லாம் நம்பினார்கள். கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஆயுசு முழுக்க டிக்கெட் கிழித்துவிட்டு, ஓய்வு பெற்று மைசூர் அக்ரஹாரத்தில் குடியேறிய மனிதர். காட்டுப் பாதையில் பஸ்ஸில் ஏறிய சிறுத்தைக்கு அவர் அரை டிக்கெட் கொடுத்ததும், ஜன்னலோர சீட்டு கிடைக்காத கோபத்தில் அது அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனதும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆடி மாதம் ஹனூரில் அடித்த காற்றில் பஸ் பலகையில் இருந்த ஊர்ப் பெயர் மட்டும் பறந்து போய்ப் பின்னால் வந்த கரும்பு லாரியில் ஒட்டிக்கொள்ள, ஜனங்கள் லாரியில் ஏறி மலை போய்ச் சேர்ந்த விஷயமும் தெரியும். "அப்புறம் மாமா?" என்று கேட்பார்களே தவிர, "நெஜமா மாமா?" என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பது அநாகரிகம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தது போல இருந்தது.

உண்மை எது என்றால், அடுப்பு விஷயம்.

இளம் வயதில், ஒரு மழை நாளில், தாளபெட்டா ஏற்றத்தில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. குளிரில் பிள்ளைகள் அழுதன, பெரியவர்கள் டிரைவரைத் திட்டினார்கள். அப்போது கடைசி சீட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர், பறவை பார்க்க வந்தவர், பையிலிருந்து பிஸ்கட் டப்பா மாதிரி ஒரு தகர டப்பாவை எடுத்தார். திறந்தால் உள்ளே பித்தளையில் ஓர் அடுப்பு, துண்டு துண்டாக. பாறைக்கு அடியில் உட்கார்ந்து அதைப் பூட்டினார், பம்பு அடித்தார், பற்றவைத்தார். அது சிங்கம் மாதிரி உறுமியது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் டீ கிடைத்தது. சீமெண்ணெயில் ஓடுகிற அடுப்பு, சட்டைப் பைக்கு ஒரு சுற்று பெரியது, அவ்வளவுதான்.

இதைக் கல்யாணமான புதிதில், ஒரு விருந்துப் பந்தியில், ஆறுமுகசாமி தன் மனைவி சரசுவின் அண்ணன் ஜடையனிடம் சொன்னார். ஜடையன் கொள்ளேகாலத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பழைய பித்தளையை எடைக்கு வாங்கிக்கொண்டு புது எவர்சில்வர் கொடுப்பார். தராசு முள் மாதிரி மனிதர். வாயில் பொய் வராது, சிரிப்பும் அபூர்வமாகத்தான் வரும். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"பிஸ்கட்டு டப்பாவுக்குள்ள அடுப்பு. செரிங்க மாப்ள. பாலு கறக்கற மாடு எந்த டப்பாவுல இருந்துச்சுங்க?"

பந்தியே சிரித்தது. அன்று விழுந்த அடி இத்தனை வருஷத்தில் ஆறவில்லை. கதை மெலிவாக இருப்பதால்தான் நம்பவில்லையோ என்று ஆறுமுகசாமி பிற்பாடு அதில் ஒரு யானையைச் சேர்த்தார். அது டீ வரிசையில் ஒழுங்காக நின்றது. அதனாலும் பெரிய பிரயோஜனம் இல்லை.

இப்படி இருக்கையில், போன ஆவணியில், ஒழுகுகிற குழாய்க்குப் பதிலாக ஒரு குழாய் வாங்க மண்டி மொஹல்லா பழைய சாமான் கடைகளுக்குப் போனார். துருப்பிடித்த பூட்டுகளுக்கும் மண்டை உடைந்த மின்விசிறிகளுக்கும் நடுவில் ஒரு தகர டப்பா கிடந்தது. மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அடுப்பு அப்போதும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சரசு கேட்டாள். "ஏனுங்க, கொழாய் எங்கீங்க?"

ஆறுமுகசாமி டப்பாவைத் திறந்து காட்டினார்.

"இது கொழாயுங்களா?"

"அடுப்பு. வெள்ளக்காரன் வெச்சிருந்த அதே சாதி அடுப்பு. பாத்துக்க. கண்ணு முன்னால."

சரசு பார்த்தாள். பித்தளை டேங்க் பச்சை பிடித்துப் போயிருந்தது. பம்பு இழுத்தால் வரவில்லை. மூன்று காலில் ஒன்று கோணல். பர்னருக்குள் ஏதோ ஒரு பூச்சி பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்த அடையாளம் தெரிந்தது.

"யானை எங்கீங்க?" என்றாள்.

அன்று மாலையே அண்ணனுக்குப் போன் போனது. வீட்டில் இட்லிப் பானை ஓட்டையாகி ரொம்ப நாள் ஆகிறது. ஜடையனோ கூடப் பிறந்த தங்கையானாலும் எடை போடாமல் ஒரு கரண்டி கொடுக்க மாட்டார். அது தொழில் தர்மம். இப்போது எடைக்குப் பித்தளை வந்திருக்கிறது. தசராவுக்கு வரும்போது பானையைக் கொண்டு வருகிறேன், அடுப்பை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆறுமுகசாமி கெஞ்சவில்லை. கண்டக்டர்கள் கெஞ்சுவதில்லை. "ஆயுத பூசைக்குள்ள இதுல பால் பொங்க வெச்சுக் காட்டறேன்" என்றார்.

"என் கண்ணு முன்னால பொங்கோணும். நீங்க வந்து 'பொங்குச்சு'ன்னு சொன்னா ஆகாது. பொங்கலீன்னா விசயதசமியன்னிக்கு அண்ணன் மூட்டைல கட்டிருவாரு. செரிங்களா?"

"செரி."

ஆக, வாழ்நாளின் ஒரே உண்மை நிரூபணம் ஆவதா, இல்லை உருகி ஏதோ ஒரு கோயில் மணிக்கு நாக்காகப் போவதா என்பது முடிவாக ஆயுத பூஜை வரை அவகாசம்.

வேலை ஆரம்பித்தது. முதலில் புளி. பித்தளை மின்னும்வரை தேய்த்தார். சாயந்திர வெயில் டேங்கில் பட்டுத் தெறித்ததில் எதிர்வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த வடகம் அரை மணியில் காய்ந்துவிட்டது என்று பேச்சு. அந்த வாரம் சரசு வைத்த ரசத்தில் மட்டும் புளிப்பு இல்லை. கோணல் காலை அம்மிக்குழவியால் தட்டி நிமிர்த்தினார். பர்னரைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பூச்சிக் குடும்பத்தைக் காலி செய்வித்தார். சீமெண்ணெய் வெளியே பீய்ச்சும் துளை ஊசிக் கண்ணை விடச் சின்னது. அதைக் குத்தி விட ஸ்டவ் பின் வேண்டும். மைசூரில் எந்தக் கடையில் கேட்டாலும், "ஸ்டவ் பின்னா? போன் சிம் எடுக்கற பின்னு இருக்கு, வேணுமா?" என்றார்கள். கடைசியில் வீட்டிலேயே அகப்பட்டது. பம்பு ஸ்டவ் போய் எத்தனையோ வருஷமாகியும், சரசு ஒரு ஸ்டவ் பின்னை முள் எடுப்பதற்கென்று வருஷா வருஷம் பழைய காலண்டரிலிருந்து புதுக் காலண்டருக்கு மாற்றிக் குத்தி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முருகன் படத்தின் மயில் காலடியிலிருந்து ஆறுமுகசாமி அதைச் சத்தமில்லாமல் உருவினார்.

அடுத்தது சீமெண்ணெய். ரேஷன் கடையில் கேட்டதற்குப் பழைய ராஜாவின் நாணயத்தை நீட்டியவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். தெருக்கோடியில் அச்சகம் வைத்திருக்கும் கிரண்தான் கைகொடுத்தான். மெஷின் உருளையில் மை கழுவுவதற்கு வைத்திருந்ததில் ஒரு பாட்டில் ஊற்றிக் கொடுத்தான். பர்னரை முதலில் சூடுபடுத்த ஸ்பிரிட் வேண்டும். அதற்குக் கொரோனா காலத்தில் பயந்துபோய் வாங்கி அடுக்கிய சானிட்டைசர் பரணில் இருந்தது. கைக்கு உதவாதது அடுப்புக்கு உதவியது.

மிச்சம் இருந்தது பம்புக்குள் இருக்கும் வாஷர். குட்டிக் கிண்ணம் மாதிரி வளைந்த தோல் துண்டு. பம்பை அழுத்தும்போது காற்றைப் பின்னால் விடாமல் டேங்குக்குள் தள்ளுவது அதுதான். அது போனால் எல்லாம் போச்சு. டப்பாவோடு வந்த வாஷர் தொட்டதும் காராசேவு மாதிரி நொறுங்கியது. வீட்டில் இருந்த ஒரே நல்ல தோல், அவருடைய பழைய கண்டக்டர் பை. அதில் கத்தி வைப்பதும் மாதேஸ்வரனிடம் வம்புக்குப் போவதும் ஒன்று. ஆகவே ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில், வட்டமாக ஒரு துண்டு ரெக்ஸினை வெட்டி எடுத்து மாட்டினார்.

சரசு கடைக்குப் போயிருந்த ஒரு காலையில், கொல்லையில் வைத்துப் பற்றவைத்தார். முதலில் அவசரப்பட்டு, பர்னர் சூடாவதற்குள் பம்பு அடித்துவிட்டார். மஞ்சள் தீ கொடிக்கயிறு உயரத்துக்கு எழுந்து இடது புருவத்தைப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டாவது தடவை பொறுமையாக, சானிட்டைசர் எரிந்து அடங்கும் நேரம் பார்த்து, காற்றுத் திருகை மூடிப் பம்பு அடித்தார். நீலத் தீ வட்டமாக விரிந்தது. உறுமியது. அரை டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆறுமுகசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. சீமெண்ணெய்ப் புகையாகவும் இருக்கலாம்.

சாட்சிக்கு ஒரு காகம் மட்டும் இருந்தது. அது வாக்குமூலம் கொடுக்க மறுத்துப் பறந்துவிட்டது.

"கொதிச்சுதுங்களா? அப்படியா?" என்றாள் சரசு, காய்கறிப் பையை இறக்கி வைத்தபடி. "புருவம் எங்கீங்க?"

"காத்துல போயிருச்சு."

"அதையாவது நம்பறனுங்க."

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஜடையன் வந்து இறங்கினார். ஒரு கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இட்லிப் பானை. காலில் புதுக் கோலாப்பூர் செருப்பு. நடந்தால் கிரீச் கிரீச் என்று அவருக்கு முன்னால் போய் வருகையைச் சொல்லும். வாசலில் செருப்பைக் கழற்றி, ஒன்றோடு ஒன்று ஒட்டி நேராக வைத்து, தள்ளி நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

வந்ததும் அடுப்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஜடையனின் கைக்குத் தராசு வேண்டாம்.

"டேங்கி நல்ல பித்தளைங்க மாப்ள. காலு இரும்பு, அது கழிவு. பானைக்கு இது கொறச்சல்தான், போனாப் போவுது, தங்கச்சியாச்சே."

"மச்சான், அது எரியுமுங்க."

"எரியட்டுங்க. உருக்கறப்பத்தான் எல்லாமே எரியும்."

ஆயுத பூஜையன்று வீடு கழுவிக் கோலம் போட்டாயிற்று. ஹாலில் ஒரு ஜமுக்காளம் விரித்து ஆயுதங்களை வரிசையாக வைத்தார்கள். அரிவாள்மணை, கத்தி, கத்தரிக்கோல், சுத்தியல், திருப்புளி, ஆறுமுகசாமியின் கண்டக்டர் பை, விசில். ஸ்கூட்டருக்கு வாசலிலேயே மாலை. பூஜைக்கான சமையலை சரசு மத்தியானமே முடித்திருந்தாள். கேஸ் அடுப்புக்கு வழக்கம்போலச் சமையலறையிலேயே ஒரு குங்குமப் பொட்டு வைக்கப் போனாள். ஜடையன் தடுத்தார்.

"அம்மிணி, பொட்டு வெச்சாப் போதுமா? இந்த வூட்டுல எல்லாத்தையும் விட அதுதான் வேலை செய்யுது. மொறையாப் பூசைல வெக்கோணும். மிக்சி, அந்தக் கரண்ட் அடுப்பு, தண்ணி காய வெக்கற சொம்பு, அதுவும்தான். பூசைல வெச்சதை நாளைக்குக் காலைல மறுபூசை பண்ணித்தான் தொடோணும். போன வருசம் தராசு பூசைல இருக்கறப்பக் கல்யாணச் சீரு வாங்க வந்தாங்க. மொத்தச் சீரு! போயிட்டு நாளைக்கு வாங்கன்னுட்டேன். சட்டம்னா சட்டம்."

அண்ணன் சொன்னால் சரசுவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. கேஸ் அடுப்பு, ட்யூப் பிடுங்கப்பட்டு, மாலையோடு ஜமுக்காளத்துக்கு வந்தது. கரண்ட் அடுப்பும் சொம்பும் லைட்டரும் வந்தன. பக்கத்தில் இட்லிப் பானை, உறையோடு.

ஆறுமுகசாமி தன் பித்தளை அடுப்பைத் துடைத்துக் கொண்டுவந்து ஓரமாக வைத்தார். ஜடையன் அதை இரண்டு விரலால் எடுத்து வெளியே வைத்தார்.

"இது ஆயுதமுங்களா மாப்ள? வேலை செய்யறதுதான் ஆயுதம். இது எடைச் சாமான். பூசைக்கு ஆகாது."

ஆறுமுகசாமி அடுப்பை எடுத்துப் போய் விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். முகம் மட்டும் டிக்கெட் வாங்காத பயணியைப் பார்த்தது போல இருந்தது.

பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டிப் பூஜை முடிந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஸ்ரீதேவி கொலுவுக்குக் கூப்பிட்டிருந்ததால் சரசு புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜடையன் சுண்டலை முடித்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்து, நாற்காலியில் சாய்ந்து, சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"மாப்ள, காப்பி?"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

காப்பி விஷயத்தில் ஜடையன் லேசான ஆள் இல்லை. சாயந்திரக் காப்பி தவறினால் நெற்றியின் இடது பக்கம் ஒரு நரம்பு எழுந்து நின்று ஊரை வேடிக்கை பார்க்கும். அப்படி ஒரு தரம் எழுந்தபோது கொள்ளேகாலத்தில் அவர் கடைக்கு எதிரே குதிரை வண்டி மிரண்டு ஓடியதாகச் சொல்வார்கள்.

"வெளில போயிக் குடிச்சுட்டு வரலாமுங்களா?"

போனார்கள், ஆளுக்கொரு குடையோடு. முக்குக் கடைக்காரர் பாய்லருக்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டு, அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு அதுக்கு லீவு, நாளைக்கு வாங்க" என்றார். "செரியாச் சொன்னீங்க" என்று பழக்கத்தில் பாராட்டிவிட்டு ஜடையன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரிய ஓட்டல்களில் தசரா பார்க்க வந்த கூட்டம் வரிசையில் நின்றது. கடைசியில் நிற்பவருக்கு நாளைய ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் முடிந்துதான் டம்ளர் கைக்கு வரும் போலிருந்தது. திரும்பி வந்தார்கள். கொலு வீட்டில் போய் நிற்கலாம். ஆனால் பெண்கள் கூடியிருக்கும் வீட்டில் காப்பி கேட்கும் அளவுக்கு ஜடையனின் கௌரவம் இன்னும் இறங்கவில்லை.

நரம்பு எழுந்தது.

ஜடையன் ஹாலில் நடந்தார். மாலை போட்ட கேஸ் அடுப்பைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. சட்டம் போட்டவரே உடைப்பது எப்படி? ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார். கடைசியில் அவர் கண் விளக்குமாற்றுப் பக்கம் போனது.

"மாப்ள..."

"சொல்லுங்க மச்சான்."

"அந்தச் சாமான்..."

"எந்தச் சாமானுங்க?"

"அதானுங்க. வெள்ளக்காரன் சாமான். அதைப் பூசைல வெக்கலீல்ல?"

"நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே."

"அப்ப... தொடலாமில்லீங்க?"

"சே சே," என்றார் ஆறுமுகசாமி, முகத்தில் ஒரு கோடு அசையாமல். "அது எடைச் சாமானுங்க மச்சான். நாளைக்கு உருகப்போறதுகிட்டப் போயி இன்னிக்கு வேலை சொல்றது மரியாதையில்லீங்க."

"மாப்ள, தலை வெடிக்குது."

அதற்கு மேல் இழுப்பது பாவம் என்று ஆறுமுகசாமிக்கே பட்டது. அடுப்பைக் கொல்லைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார். பால் ஃப்ரிட்ஜில் இருந்தது. ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு இருந்தது. இருவரும் அதன் முன் நின்று யோசித்தார்கள். "அது தானா வேலை செய்யுது, நாம செய்யச் சொல்லலை," என்று ஜடையன் தீர்ப்புச் சொன்னார். சட்டம் முதல் தடவையாக வளைந்தது; அவ்வளவாகச் சத்தம் வரவில்லை. காலையில் இறக்கிய டிகாக்ஷன் ஃபில்டரில் இருந்தது. டேங்கில் சீமெண்ணெய் இருந்தது. ஆறுமுகசாமி சானிட்டைசரை ஊற்றி, பூஜை விளக்கிலிருந்து ஓர் ஊதுபத்தியில் நெருப்பு எடுத்துப் பற்றவைத்தார். நீலமாக எரிந்து அடங்கும் தருணத்தில் திருகை மூடிப் பம்பு அடித்தார்.

புஸ்ஸ்.

மறுபடி அடித்தார். புஸ்ஸ். கிழவன் கொட்டாவி மாதிரி.

பம்பைக் கழற்றிப் பார்த்தார். ரெக்ஸின் வாஷர் சீமெண்ணெயில் ஊறி, சுருண்டு, எண்ணெயில் போட்ட அப்பளம் போல ஆகியிருந்தது. ஆறுமுகசாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொல்லையில் ஒழுகும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆக, பந்தியில் சிரித்தது சிரித்ததுதான். மணிக்கு நாக்குதான்.

"என்னங்க மாப்ள?"

"நெசத் தோலு வேணுமுங்க மச்சான். ரூபாக் காசளவு. மெல்லிசா, பதமா. இந்த வூட்டுல தோலுன்னா கண்டக்டர் பை. அது பூசைல இருக்குது."

ஜடையன் யோசித்தார். நரம்பு துடித்தது. வாசலில், மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து ஒட்டி வைத்திருந்த ஜோடியை இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டாமுங்க மாப்ள."

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

"புதுசுங்க. கட்டைவெரலுக்கே இன்னும் பழகல."

"நான் வாயே தொறக்கலீங்க மச்சான்."

ஜடையன் எழுந்து போனார். வலது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துத் தடவினார். "மேல்பட்டைல எடுங்க. அடியில வேண்டாம்," என்றார், மருத்துவமனையில் கையெழுத்துப் போடுகிறவர் குரலில்.

எதனால் வெட்டுவது? கத்தி பூஜையில். கத்தரிக்கோல் பூஜையில். பிளேடு கிடையாது, ஆறுமுகசாமி சவரத்துக்குக் கடைக்குப் போகிறவர். ஜடையன் தன் பையைத் துழாவி ஒரு நகவெட்டியை எடுத்தார்.

"நகவெட்டி ஆயுதமுங்களா மச்சான்?"

"பூசைல வெக்கலீல்ல. வெக்காதது ஆயுதமில்ல."

"அப்ப அடுப்பும் ஆயுதமில்லீங்க."

"அதைத்தானுங்க நான் அப்பவே சொன்னேன்!"

ஒரு ரூபாய்க் காசை வைத்துச் சுற்றிலும் கோடு கிழித்து, ஜடையன் தானே நகவெட்டியால் கடித்துக் கடித்து வட்டத்தை எடுத்தார். பெருமாளுக்கு நகம் வெட்டினாலும் அவ்வளவு பயபக்தி இருக்காது. நடுவில் ஸ்டவ் பின்னால் குத்திக் குத்தித் துளை போட்டார்கள். துண்டை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கிண்ணமாக வளைத்து மாட்டினார் ஆறுமுகசாமி. திருப்புளிக்குப் பதில் அதே ரூபாய்க் காசு.

சானிட்டைசர். ஊதுபத்தி. இருவரும் குந்தி உட்கார்ந்து நீலத் தீயைப் பார்த்தார்கள். அது சிறுத்து, தள்ளாடி, அணையப்போகும் கணத்தில் ஆறுமுகசாமி பம்பை அழுத்தினார். இந்தத் தடவை பம்பு அவர் கையை எதிர்த்துத் தள்ளியது. இன்னும் நாலு அழுத்து.

அடுப்பு பேசியது.

சத்தம் தாழ்வாரத்தில் பட்டு, கூரையில் பட்டு, தெருவுக்குப் போனது. மழையையும் மறந்து தெருவில் பாதிப் பேர் மொட்டை மாடிக்கு ஏறி, தசராவுக்கு விமானம் விடுகிறார்கள் என்று வானத்தைப் பார்த்தார்கள். ஜடையன் பயந்து இரண்டடி தள்ளி, பிறகு நாலடி கிட்டே வந்தார். வாய் திறந்திருந்தது. இத்தனை வருஷமாகச் சிரித்த வாய்.

"மாப்ள... டப்பாவுக்குள்ளதான் இருந்துச்சு."

"ஆமாங்க."

"இத்தனூண்டு டப்பாவுக்குள்ள."

பால் பாத்திரத்தை ஏற்றினார்கள். ஓரத்தில் நுரை கட்டி, நடுவில் ஆடை நடுங்கி, மேலே எழும் நேரத்துக்குச் சரியாகக் கொல்லைக் கதவு திறந்தது. சரசு, கையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு. பின்னாலேயே ஸ்ரீதேவி.

"ஏனு மாமா இது சவுண்டு? எங்க கொலுவுல செட்டியார் பொம்மை விழுந்திடுச்சு!"

சரசுவின் கண் முன்னால் பால் எழுந்து, விளிம்பில் ஒரு நொடி நின்று யோசித்து, பொங்கி வழிந்தது. ஆறுமுகசாமி அவசரப்பட்டு இறக்கவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டார்.

காப்பி கலந்ததும் முதல் டம்ளர் ஜடையனுக்கு. அவர் குடித்தார். நரம்பு படுத்துக்கொண்டது. சரசு அடுப்பின் எதிரே குந்தி உட்கார்ந்து, தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப அந்தப் பஸ்ஸு கதை நெசந்தானுங்களா?"

"நெசந்தான்."

"அந்த யானைக்கும் டீ குடுத்தீங்களா?"

ஆறுமுகசாமி டம்ளரைக் கீழே வைத்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி நம்பிக் கேட்கிறாள்.

"யானைக்குக் குடுக்கல," என்றார் வருத்தமாக. "அது முறை வர்றதுக்குள்ள சக்கரை தீந்துருச்சு."

"பாவம்," என்றாள் சரசு.

அடுப்பைச் சுற்றி வந்து பார்த்த ஸ்ரீதேவி, "பம்புக்குள்ள என்ன மாமா இருக்கு, இவ்வளவு ஜோராக் காத்து போகுது?" என்று கேட்டாள்.

"தோலு வாஷர்," என்றார் ஆறுமுகசாமி. "மச்சான் செருப்புல வெட்டினது."

ஜடையனுக்குக் காப்பி புரையேறியது. பூஜை நாள். செருப்புத் தோல் தள்ளிய காற்றில் பொங்கிய பால். தங்கை கையில் இரண்டாவது டம்ளர்.

"சும்னிரி மாமா, சும்மா இருங்க! உங்க ரீலுக்கு ஒரு அளவே இல்ல," என்று ஸ்ரீதேவி சிரித்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க இது?" என்று சரசு கணவனைக் கண்டித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணா. எதுல வெட்டினீங்க?"

பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. மூன்றாவது தடவை அதிலிருந்து ஒரு சொல் விழுந்தது.

"மானு."

"மானுங்களா?"

"மான் தோலு. மாதேஸ்வரன் மலைல... ஒரு சாமியாரு. அதுமேல உக்காந்து தவம் பண்ணினாரு. எந்திரிக்கறப்ப... எனக்குக் கிள்ளிக் குடுத்தாரு."

"எப்பண்ணா?"

"சின்ன வயசுல."

"இத்தனை வருசமா எங்க வெச்சிருந்தீங்க?"

"மடில," என்றார் ஜடையன். நெற்றியில் வேர்த்தது.

சரசு டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மிச்சக் காப்பியைக் குடித்தாள். ஸ்ரீதேவி அடுப்பைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆறுமுகசாமி மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். தொழிலுக்குப் புது ஆள். ஆனாலும் 'கிள்ளிக் குடுத்தாரு' என்ற இடத்தில் கைத்திறன் தெரிந்தது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து, ஊர்வலம் பார்க்கக் கிளம்பும்போது ஜடையன் ஆறுமுகசாமியின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். கோலாப்பூர் எங்கே என்று சரசு கேட்டாள். நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். ரெண்டையுமா? ரெண்டு நாயாம். ஊருக்குக் கிளம்பும்போது அடுப்பை மூட்டை கட்டவில்லை. இட்லிப் பானையையும் திருப்பி எடுக்கவில்லை.

"எடை போடாம எப்படிங்கண்ணா?" என்று சரசு திகைத்தாள்.

"தசராச் சீரு, அம்மிணி. வெச்சுக்க," என்றார் ஜடையன், ஆறுமுகசாமியின் வாயையே பார்த்துக்கொண்டு.

ஆறுமுகசாமி வாயைத் திறக்கவில்லை. பானை நல்ல கனம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கொள்ளேகாலத்திலிருந்து போன் வந்தது. ஜடையனின் மனைவி தேவம்மா.

"அண்ணா, நல்லா இருக்கறீங்களா? ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு கடைல ஒக்காந்துட்டு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்கறாரு. மலைச் சாமியாரு குடுத்தது மான் தோல் இல்லையாம், வெள்ளைப் புலியாம். செருப்பைத் தூக்கிட்டுப் போனது நாய் இல்லையாம், சிறுத்தையாம், அது கோலாப்பூரு செருப்பைப் போட்டுட்டு அரமனைப் பக்கமா நடந்து போச்சாம். நெசமுங்களா?"

ஆறுமுகசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். சிறுத்தை அவருடையது. அரை டிக்கெட் கொடுத்து அவர் ஏற்றிய சிறுத்தை.

"பொய்யும்மா," என்றார் கோபமாக. "சுத்தப் பொய். சிறுத்தைக்கு நாலு காலு. ரெண்டு செருப்பை வெச்சுக்கிட்டு அது எப்படி நடக்கும்? சொல்றதுக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். சரசு புதுப் பானையில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் பொய் சொல்றாரு."

சரசு கரண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். புருவம் வளராத இடத்தில் கண் கொஞ்சம் நின்றது.

"யாரு? எங்கண்ணன்?" என்றாள். "அதை நீங்க வந்து சொல்றீங்க?"

ஆறுமுகசாமி காலண்டரில் மயில் காலடியிலிருந்து பின்னை உருவிக்கொண்டு, கொல்லைக்குப் போய், காப்பிக்குப் பம்பு அடிக்க உட்கார்ந்தார்.